பிரிந்து வந்த சபையில் விசுவாசிகள் கணக்கு கேட்கலாமா? டிரஸ்ட் பத்திரத்தை எப்படிப் பார்ப்பது?

தேரிமணல்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் சபைப் பெயரும் போடவில்லை. யாரும் கேட்கவும் வேண்டாம்.

2007-ல் எங்கள் ஊரில் இருபத்தைந்து குடும்பங்கள் வரை தாய்ச்சபையை விட்டு வெளியே வந்தோம். உபதேசத்தில் எந்தத் தகராறும் இல்லை. தேர்தல்தான் காரணம். ஒரு போதகரின் கீழுள்ள சபைகளைச் சேகரம் என்போம். அந்தச் சேகரக் கமிட்டித் தேர்தல் என்றாலே ஊர் இரண்டாகிவிடும். ஓட்டுரிமைக்கான சங்கக் காணிக்கை கட்டியவர்களின் பெயரே வாக்காளர் பட்டியலில் இருக்காது. ஒரு வருஷம் சபையின் பொது விருந்தான அசனத்துக்கே போலீஸ் காவலோடு சோறு பொங்கினோம். பந்தியில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் என் அப்பா "போதும்" என்றார்.

அப்போது எங்கள் ஊரில் சபை ஊழியராக இருந்தவரும் எங்களோடு வந்தார். நல்ல மனிதர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவரே எங்கள் போதகர் ஆனார். முதலில் ஓலைப் பந்தலில் ஆராதனை. அப்புறம் நிலம் வாங்கினோம், கோயில் கட்டினோம். சென்னையிலும் மும்பையிலும் மளிகைக்கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அனுப்பினார்கள். பனையேறிகள் கருப்பட்டி விற்ற பணத்தில் கொடுத்தார்கள். என் அம்மா இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை ஆராதனை முடிவில் வரவு செலவு வாசிப்பார்கள். கோயில் பிரதிஷ்டைக்குப் பிறகு அது மெல்ல நின்றுபோனது. சபை ஒரு டிரஸ்டாகப் பதிவாகியிருக்கிறது என்பதும், அதில் போதகர், அவர் மனைவி, மைத்துனர் ஆகிய மூன்று பேர்தான் ஆயுட்கால அறங்காவலர்கள் என்பதும் சுற்றுச்சுவர் வேலைக்குக் கடன் பேசும்போதுதான் தெரிந்தது. பெரியவர் ஒருவர் கணக்கு கேட்டார். அடுத்த ஞாயிறு "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று பிரசங்கம். பிறகு அந்தப் பெரியவரின் பேத்திக்குக் கல்யாண ஓலை, அதாவது ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு, வாசிக்க மறுத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்ச் சபையில் கெஞ்சி வாசித்தார்கள். இப்போது வருஷப் பிறப்பு ஆராதனையில், வேதாகமக் கல்லூரி முடித்த மகன்தான் அடுத்த போதகர் என்று அறிவிப்பு வந்திருக்கிறது.

எங்களுக்கு இந்தச் சபையை உடைக்க ஆசை இல்லை. இன்னொரு தடவை பிரிந்து போக தெம்பும் இல்லை. கணக்கு கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? டிரஸ்ட் பத்திரத்தைப் பார்க்க முடியுமா? நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அவர்களைக் கேட்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டா? கோர்ட்டுக்குப் போகாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

ஊழியக்காரர் மகன்:

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. மறுபக்கத்தையும் ஒருவன் சொல்ல வேண்டும். என் அப்பாவும் இப்படி ஒரு தனிச் சபையின் போதகர்தான். சம்பளம் என்று யாரும் நிர்ணயித்ததே இல்லை. காணிக்கைப் பையில் என்ன விழுகிறதோ அதில் கோயில் கரண்ட் பில் போக மீதிதான் எங்கள் வீட்டுக்கு. பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட அம்மாவின் நகை அடகுக்குப் போனது சபையில் ஒருவருக்கும் தெரியாது. கணக்கு எங்கே என்று கேட்ட மூப்பர்கள், பாஸ்டர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாண ஓலையை வாசிக்க மறுத்தது தப்பு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எல்லாப் போதகர்களையும் திருடர்களாகப் பார்க்காதீர்கள்.

பழைய பொருளாளர்:

தேரிமணல், நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பெரிய திருமண்டலத்தில், அதாவது ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகளில், சேகரப் பொருளாளராகப் பல வருஷம் இருந்தேன். இப்போது குடும்பத்தோடு கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனிச் சபையில் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. எருசலேம் ஏழைகளுக்கென்று சபைகளிடம் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகச் சுமந்து போகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட அழைத்துப் போனார். ஒருவரும் எங்கள்மேல் குற்றம் சொல்லாதபடி என்று காரணத்தையும் கொரிந்தியருக்கு எழுதினார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் சரியாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் சரியாக இருக்க வேண்டும் என்றார். அபிஷேகத்தைச் சொல்லி வாயை அடைப்பவர்களுக்கு இந்தப் பகுதியைப் பணிவாக வாசித்துக் காட்டுங்கள். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம்.

அடுத்து பத்திரம். டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். அதில் நிலத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் அது 1-ம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். கொஞ்சம் ரொக்கத்தை மட்டும் மூலதனமாகக் காட்டி எழுதியிருந்தால் பெரும்பாலும் 4-ம் புத்தகத்துக்குப் போயிருக்கும். அதன் நகல் எழுதிக்கொடுத்தவர்களுக்கும் அதன் கீழ் உரிமை கோருபவர்களுக்கும்தான் கிடைக்கும். அப்படியென்றால் போதகரிடமே கேட்க வேண்டியதுதான். ஆடிட்டரிடமும் ஒரு நகல் இருக்கும்.

நிலத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே நம்பர் போட்டு வில்லங்கச் சான்று பாருங்கள். பட்டாவும் இணையத்தில் கிடைக்கும். வாங்கிய வருஷத்திலிருந்து பாருங்கள். இன்றைக்கே செய்யலாம்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். தாய்ச்சபையை விட்டுக் கோபத்தோடு வருகிறவர்கள் தேர்தலையும் கமிட்டியையும் பாவம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். "இனிமேல் ஓட்டு வேண்டாம், ஆவியானவர் நடத்துவார்" என்பார்கள். பிறகு இடம் வாங்க, வங்கிக் கணக்கு தொடங்க ஏதாவது ஒரு பதிவு வேண்டியிருக்கும். அவசரமாகப் பத்திர எழுத்தரிடம் போவார்கள். அவரிடம் ஒரு மாதிரிப் பத்திரம் தயாராக இருக்கும். ஸ்தாபகரே ஆயுள் முழுக்க நிர்வாக அறங்காவலர், தனக்குப் பின் யார் என்று நியமிக்கும் உரிமையும் அவருக்கே. பெயரை மட்டும் நிரப்பிப் பதிந்துவிடுவார்கள். உங்கள் போதகர் திட்டம் போட்டு இப்படிச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் பாஸ்டரே அந்தப் பத்திரத்தை முழுசாக வாசித்திருக்க மாட்டார். ஆனால் விளைவு ஒன்றுதான். அப்படிப்பட்ட டிரஸ்டில் விசுவாசி உறுப்பினர் கிடையாது. அவருக்கு ஓட்டு இல்லை, கூட்டம் கூட்டச் சொல்லும் அதிகாரம் இல்லை. நீங்கள் விட்டு வந்த இடத்திலாவது, பட்டியலில் பெயரை அடித்தால் சண்டை போடுவதற்கு ஒரு பட்டியல் இருந்தது.

இதையே 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருந்தால் நிலைமை வேறு. உறுப்பினர் பதிவேடு வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் வேண்டும், நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் எழுதிக் கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். சங்கமாக இருந்தாலும் சண்டை வரும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு வாசல் இருக்கும். டிரஸ்டாகவே இருந்தாலும், விசுவாசிகள் தெரிந்தெடுக்கும் நாலு பேரை அறங்காவலர்களாகச் சேர்க்கவும், ஆயுட்காலம் என்பதை எடுக்கவும், வாரிசு நியமனத்துக்குச் சபையின் சம்மதம் வேண்டும் என்று சேர்க்கவும் திருத்தப் பத்திரம் எழுத முடியுமா என்று பாருங்கள். மூலப்பத்திரத்தில் திருத்தும் அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் வக்கீல் முதலில் தேடுவது.

காணிக்கை எண்ணுவது பற்றி. நான் பொருளாளராக இருந்தபோது ஆராதனை முடிந்த கையோடு ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணுவார்கள். பேனாவில் எழுதி இருவரும் கையெழுத்து. திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போகும். பூ வாங்கினேன், ஆட்டோவுக்குக் கொடுத்தேன் என்று பையிலிருந்து எடுத்துச் செலவு செய்ய, சேகரத்தின் போதகரான ஆயருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. காணிக்கையாக வந்த பொருள்களை விற்கும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்தான் தலைவலி. ஒரு சிப்பம் கருப்பட்டியை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்டுவிட்டுப் பணத்தை அடுத்த பண்டிகை வரை இழுப்பார்கள். அதனால் ஏல பாக்கிப் பட்டியலை ஆலயக் கதவில் ஒட்டுவேன். பெரிய வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள், பிறகு கட்டிவிடுவார்கள். உங்கள் சபை வருமான வரி விலக்குக்குப் பதிவு செய்திருந்து, வரவு வரம்பைத் தாண்டியிருந்தால் ஆடிட்டர் தணிக்கை கட்டாயம். ஆகவே எங்கோ ஒரு கணக்கு எழுதப்பட்டுத்தான் இருக்கும். டிரஸ்ட் பணம் அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ தனிப்பட்ட லாபமாகப் போனால் அந்த வரிவிலக்குக்கே ஆபத்து. இதைப் போதகருக்கு மிரட்டலாகச் சொல்லாமல் அக்கறையோடு சொல்லுங்கள்.

ஊழியக்காரர் மகன் எழுதியதை எல்லோரும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். தம்பி, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. திருமண்டலத்தில் ஆயருக்கு அளவுச் சம்பளம், சேமநல நிதி, குடியிருக்க வீடு எல்லாம் உண்டு. தனிச் சபைப் போதகருக்கு அறுபது வயதில் என்ன இருக்கிறது? கோயிலோடு ஒட்டிய வீட்டில்தான் குடியிருப்பார். இறக்கிவிட்டால் தெருவில் நிற்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் பலர் நிலத்தைக் கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்கிறார்கள், மகனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எனவே தேரிமணல், கணக்கு கேட்டுப் போகும் அதே கடிதத்தில் நீங்களும் எழுதிக் கொடுங்கள்: மாதச் சம்பளம் இவ்வளவு, வருஷா வருஷம் இவ்வளவு உயர்வு, ஓய்வுக்குப் பின் குடியிருக்க இந்த ஏற்பாடு, அவருக்குப் பின் அவர் மனைவிக்கு மாதம் இவ்வளவு. வெறும் வாய்வார்த்தையாக வேண்டாம், வங்கியில் தனிக் கணக்கு போட்டுத் தொடங்கிவிட்டுப் போங்கள். கணக்கை மட்டும் கேட்டுப் போன சபைகளில் அது போதகர்மேல் தொடுத்த தாக்குதலாகவே முடிந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அவரும் உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைக்கும்.

கோர்ட் கடைசிதான். பொது மத அறக்கட்டளை என்றால் அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின் கீழ், நீதிமன்ற அனுமதியோடு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கணக்குக் காட்டச் சொல்லவும், அறங்காவலரை நீக்கவும், நிர்வாகத்துக்குத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வருஷங்கள் ஓடும். பெரிய சபைகளின் தேர்தல் வழக்குகளில் ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நிர்வாகிகளாக உட்கார வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலை உங்கள் சிறிய சபைக்கு வர வேண்டாம்.

நல்லூர்க்காரன்:

பொருளாளர் ஐயா சட்டத்தைச் சொன்னார். நான் நம் மண்ணின் பழைய கதை இரண்டைச் சொல்கிறேன்.

ரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். ஊர் ஊராகச் சபை எழுப்பியவர். விசுவாசத்துக்கு வந்ததால் விரட்டப்பட்டவர்களுக்கு இடம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் ஏற்படுத்தியவர். உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் முறையிலும், ஆங்கிலிக்கன் சபையை அவர் விமர்சித்து எழுதியதிலும் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கத்தோடு முரண்பட்டு 1835-ல் நீக்கப்பட்டார். உபதேசியார்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றார்கள், தனி மிஷன் நடந்தது. 1838-ல் அவர் காலமானார். அதோடு அந்தத் தனி மிஷனும் நீடிக்கவில்லை. சபைகள் சி.எம்.எஸ்.ஸுக்கே திரும்பின. கூட இருந்த மிஷனரி ஷாப்டரும் திரும்பிப் போய் எங்கள் நல்லூரில் ஊழியம் செய்தார். ரேனியஸ் போன்ற பெரிய மனிதருக்கே, அவருக்குப் பின் அதைத் தாங்க ஓர் அமைப்பு இல்லாமல் போயிற்று.

மற்றது 1857-ல் உங்கள் பக்கத்திலேயே, மூக்குப்பீரியை ஒட்டிய பிரகாசபுரத்தில் நடந்தது. சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், மிஷனரியோடு மோதிக்கொண்டு தனிச் சபை தொடங்கினார். நாடார் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849-ல் எழுதிய நூல்மீதான கோபமும் அதில் சேர்ந்திருந்தது. ஐரோப்பியச் சாயல் உள்ளதை எல்லாம் விலக்கினார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள். பட்டம் பெற்ற குருமார் என்ற ஏற்பாடே வேண்டாம் என்றார்கள். தலைவரை எதிர்த்து வெளியே வந்தவர்கள், குருத்துவம் என்ற அதிகாரத்தையே கேள்வி கேட்டார்கள். 2007-ல் உங்கள் ஊரார் வெளியே வந்தபோது அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

சிங்கை வாசகி:

அக்கா, உங்கள் பெரியவர் கதையை வாசித்ததும் இங்கே நடந்தது நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் சிட்டி ஹார்வெஸ்ட் சபையில் 2003-லேயே ஒரு விசுவாசி, போதகரின் மனைவியின் பாட்டு ஆல்பங்களுக்குச் சபைப் பணம் போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் அவரே பத்திரிகையில் மன்னிப்பு விளம்பரம் போட வேண்டியதாயிற்று. 2010-ல் அறநிறுவன ஆணையர் விசாரணை தொடங்கினார். 2015-ல் ஸ்தாபகப் போதகர் உட்பட ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. சம்பந்தப்பட்ட தொகை 5 கோடி வெள்ளி. 2017-ல் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. இங்கே பெரிய அறநிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அந்தப் பெரியவர் வீட்டுக்கு யாராவது போய், நீங்கள் கேட்டது சரிதான் என்று நேரில் சொல்லுங்கள். முதலில் கேட்டவர் தனியாக நின்றுபோவதுதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிறது.

தேரிமணல்:

எல்லோருக்கும் நன்றி. நல்லூர்க்கார அண்ணன் கேட்டதற்கு: இல்லை. அணிச் சண்டை இல்லாத இடம் வேண்டும் என்று மட்டும்தான் அப்போது பேசினார்கள். பெரியவர் வீட்டுக்கு நேற்று நானும் இரண்டு அக்காமாரும் போய் வந்தோம். கண் கலங்கிவிட்டார்.

வில்லங்கம் பார்த்தேன். நிலம் டிரஸ்ட் பெயரில்கூட இல்லை. போதகரின் சொந்தப் பெயரில் கிரயம் ஆகியிருக்கிறது. டிரஸ்ட் பதிவானது அதற்குப் பிறகுதான். வேறு வில்லங்கம் எதுவும் இல்லை, அடமானமும் இல்லை. பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஐயா, இப்போது என்ன செய்வது? கடிதத்தில் மகன் விஷயத்தையும் எழுதலாமா?

பழைய பொருளாளர்:

பதறாதீர்கள் அம்மா. நிலம் வாங்கியபோது சபைக்கு எந்தப் பதிவும் இல்லை என்றால் யாராவது ஒருவர் பெயரில்தான் வாங்கியிருக்க முடியும். அடமானம் இல்லை என்பதை அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்தில் அவர் அதை வைத்துக் கடன் வாங்கவில்லை.

ஆனால் இதை அப்படியே விடக் கூடாது. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அது வாரிசுச் சொத்தாகிவிடும். அவருடைய பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும், மருமக்கள் வீட்டார் கேள்வி எழுப்பலாம். முதலில் ஆதாரம் சேருங்கள். நன்கொடை ரசீதுகள், சென்னை மும்பையிலிருந்து பணம் அனுப்பிய வங்கிக் குறிப்புகள், பிரதிஷ்டைப் பண்டிகை நோட்டீஸ், ஆரம்ப காலத்தில் வாசித்த கணக்கு நோட்டு. சபைக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்று நிரூபிக்க இவை வேண்டும். பினாமிச் சட்டத்திலும் அப்படி வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. இதை மட்டும் ஒரு சொத்து வக்கீலிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

வரிசையைக் கவனியுங்கள். டிரஸ்ட் பத்திரத்தைத் திருத்தி, விசுவாசிகள் தரப்பு ஆட்களும் உள்ளே வந்த பிறகுதான் நிலத்தை டிரஸ்டுக்கு மாற்ற வேண்டும். முதலில் மாற்றினால் மூன்று பேர் கைக்குத்தான் போகும். தானமாக எழுதினால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து வழிகாட்டி மதிப்பில் சுமார் 9 சதவீதம் வரும். அதைச் சபை ஏற்கும் என்று கடிதத்திலேயே சொல்லுங்கள். போதகர் தலையில் அந்தச் செலவு விழும் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மகன் விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். அதைச் சேர்த்தால் மீதி எல்லாம் காணாமல் போகும், வீட்டுக்காரர்கள் அதை மட்டும்தான் வாசிப்பார்கள். அடுத்த போதகரைச் சபை சம்மதித்து நியமிக்கும் என்ற வரி திருத்தப் பத்திரத்தில் வந்துவிட்டால், அந்தப் பையனும் மற்றவர்களைப் போலச் சபைக்கு முன் வந்து நிற்கலாம். நல்ல பையனாக இருந்தால் நீங்களே கை தூக்குவீர்கள். கடிதத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது கையெழுத்துப் போடுங்கள், பெண்கள் பெயரும் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் நகலை எனக்குத் தனிச்செய்தியில் போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.